ஜான் ஃபோர்டின் சிக்கனம்

சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருதை நான்கு முறை பெற்ற ஒரே கலைஞரான ஜான் ஃபோர்டு, 'வெஸ்டர்ன்' எனப்படும் அமெரிக்க மேற்குப் பகுதிக் குடியேற்றக் காலக் கதைகளாலேயே இன்றும் பேசப்படுகிறார். எனினும் அந்நான்கில் ஒன்றுகூட அவ்வகைப் படத்துக்கு வழங்கப்படவில்லை என்பது விருதுக் குழுவினரின் ரசனைக்கு ஒரு சான்று. 1894இல் மெய்ன் மாநிலத்தில் ஐரிஷ் குடும்பமொன்றில் பிறந்த அவர், நடிகரும் இயக்குநருமான அண்ணன் பிரான்சிஸின் வழியில் ஹாலிவுட்டை அடைந்து, 1917 முதல் சுமார் அரை நூற்றாண்டு காலம் படங்களை இயக்கினார்.

ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுத்துவைத்து, பொருத்தமானதைப் படத்தொகுப்பின்போது தேர்ந்துகொள்ளும் 'கவரேஜ்' என்னும் வழக்கத்தை ஃபோர்டு பெரும்பாலும் தவிர்த்தார். தமக்குத் தேவையானதை மட்டுமே படமாக்கியதால், அவர் எண்ணியதற்கு மாறாகப் படத்தை வெட்டி ஒட்டத் தயாரிப்பு நிறுவனத்தாருக்கு அதிக வழி இல்லாமற்போனது.

இச்சிக்கனம் உணர்ச்சியிலும் கைகூடியதற்கு 1956இல் வெளிவந்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தின் ஒரு காட்சி சான்று. வார்டு பாண்ட் நடித்த போதகர் கோப்பையும் கையுமாக நிற்கையில், உள்ளறையில் மார்த்தா தன் கணவனின் சகோதரன் ஈத்தனின் மேலங்கியை மெல்ல வருடுவது அவர் கண்ணில் படுகிறது. உடனே பார்வையைத் திருப்பிக்கொள்ளும் அவர், ஈத்தன் அவளிடம் விடைபெறும்வரை எதிர்ப்புறத்தையே நோக்கி நிற்கிறார். அவ்விருவரின் காதலைப் பற்றிப் படம் முழுவதும் ஒரு வசனமும் இல்லை. கண்டும் காணாததுபோல் நிற்கும் மூன்றாமவரின் நாகரிகமே அதை உறுதிசெய்துவிடுகிறது. வேறோர் இயக்குநர் இங்கே மார்த்தாவின் கண்ணீரை அண்மைக் காட்சியில் காட்டியிருக்கக்கூடும்.

1939இல் 'ஸ்டேஜ்கோச்' தொடங்கி ஃபோர்டு மீண்டும் மீண்டும் நாடிச்சென்ற மானுமென்ட் பள்ளத்தாக்கு, யூட்டா, அரிசோனா எல்லையில் நவஹோ மக்களின் நிலத்தில் உள்ளது. 'தி சர்ச்சர்ஸ்' டெக்சஸில் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும் அதே செம்பாறைக் குன்றுகள்தாம் பின்புலத்தில் நிற்கின்றன. புவியியல் பிழையானாலும், குதிரைவீரனைச் சிறு புள்ளியாக்கும் அப்பரப்பு அவருக்குத் தேவைப்பட்டது.

அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பல படங்களில் முகமற்ற எதிரிகளாகவே காட்டிய குறை அவரைச் சாரும். அதற்கு ஈடுசெய்வதுபோல் 1964இல் எடுத்த 'செயென் ஆட்டம்' படத்திலும் செயென் பூர்வகுடியினரின் முதன்மை வேடங்கள் பிற இன நடிகர்களுக்கே சென்றன. நோக்கத்தால் மதிக்கத்தக்க அப்படம் தன் பரிவை வாய்விட்டுச் சொல்ல முற்பட்டதாலேயே, மேலங்கியை வருடிய ஒரு கை எழுப்பும் உணர்ச்சியை அதனால் எட்ட இயலவில்லை.