லைலாவின் பழைய குரலும் புதிய பதிவும்

கேட்டதைக் கேட்டபடியே பிறரிடம் சேர்ப்பது ஓர் அமானிதம். ஹதீதுக் கலை வல்ல இமாம்கள் இதற்கென்றே தனி இலக்கணம் வகுத்தனர். சொன்னவர் யார், கேட்டவர் யார், இடையில் நின்றவர் எத்தகையவர் என்று துருவித் துருவி ஆய்ந்த பின்னரே ஒரு சொல்லை ஏட்டில் ஏற்றினர். மார்க்கத்தின் மூலத்திற்குரிய அந்தப் பேணுதலை ஒரு மேனாட்டுக் கிதார் இசைத்தட்டின்பால் வேண்டுவது மிகையே. ஆயினும், அத்தட்டின் பெயர் 'லைலா' என்பதாலும், அதனைப் புதுப்பித்தது குறித்து அதன் அன்பர்கள் ஆண்டுக்கணக்காக நடத்திவரும் வழக்கு ஏடு பதிப்போரின் பழைய வழக்கையே நினைவூட்டுவதாலும், அதனைச் சிறிது ஆராய முற்படுகின்றோம்.

எரிக் கிளாப்டனின் தலைமையில் 'டெரெக் அண்ட் த டாமினோஸ்' என்னும் குழுவினர் 1970 நவம்பரில் வெளியிட்ட இரட்டைத் தட்டு அது. 'லைலாவும் வேறு பல காதற் பாடல்களும்' என்பது தலைப்பின் பொருள். நீக்ரோ மக்களின் துயர்ப்பாட்டான 'புளூஸ்' இசையை மின் கிதாரில் ஏற்றி வளர்ந்த 'ராக்' மரபைச் சேர்ந்தது. தம் நண்பரின் மனைவிமீது கொண்ட ஆசையால் வெந்துகொண்டிருந்த கிளாப்டனுக்கு லைலா–மஜ்னூன் கதையை அறிவித்தவர் இயன் டல்லாஸ். அவர் இஸ்லாத்தைத் தழுவிய ஸ்காட்லாந்துக்காரர். பின்னாளில் ஷெய்கு அப்துல் காதிர் அஸ்ஸூஃபி என அறியப்பட்டு 2021இல் மறைந்தவர். நிஜாமி கன்ஜவீ பாரசீகத்தில் ஹிஜ்ரி 584இல் (1188) பாடிய காவியம் இவ்வாறு ஓர் ஆங்கிலப் பாடகரின் கைக்கு வந்தது. தட்டிலுள்ள ஒரு பாடலுக்கு ஆசிரியராகக் கிளாப்டனுடன் நிஜாமியின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

ஈண்டு ஒன்று கூறியாக வேண்டும். பிறர் மனை நயத்தலை நாம் மெச்ச இயலாது. இசைக்கருவி பற்றி உலமாக்கள் கொண்ட கருத்து வேறுபாடும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் 'ஸமாஉ' பற்றி விரித்தெழுதிய பகுதியும் நம் வாசகர் அறிந்தவையே. தீர்ப்பு வழங்குவது நம் நோக்கமன்று. நிஜாமியின் மஜ்னூன் தன்னை இழந்து காதலே ஆகிவிடுகின்றான். கிளாப்டனின் பாடகனோ தன் காதலுக்கு விடை கேட்டு மன்றாடுகின்றான். பெயர் ஒன்றாயினும் படி வேறு. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேற்செல்கின்றோம்.

இனி வழக்கிற்கு வருவோம். மயாமி நகரின் கிரைட்டீரியா ஒலிப்பதிவுக் கூடத்தில், டாம் டவுட் என்பாரின் மேற்பார்வையில், ஒவ்வொரு கருவியும் நாடாவில் தனித்தனித் தடமாகப் பதியப்பெற்றது. அத்தடங்களை ஒன்றுகூட்டி அளவமைப்பது 'மிக்ஸிங்'. கூட்டி முடித்த நாடாவைத் தட்டுக்கேற்பச் செப்பம் செய்வது 'மாஸ்டரிங்'. பின்னது பழைய சுவடியைத் தூசி தட்டிப் படியெடுப்பது போன்றது. முன்னதை மீண்டும் செய்வதோ, சொற்களை வைத்துக்கொண்டு வாக்கியங்களைப் புதிதாக அடுக்குவது போன்றது. 1990இல், இருபதாம் ஆண்டு நிறைவுக்காக வந்த மூன்று குறுந்தட்டுத் தொகுதியில் தடங்களைப் புதிதாகக் கலந்தனர். 2011இல், நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில், பழைய கலவையையே எடுத்துச் செப்பம் செய்தனர். அன்பர்களின் பூசலிற் பாதி, இவ்விரண்டையும் 'புதுப்பித்தல்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதனால் விளைந்ததே.

பழைய கலவையில் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கின்றன. குரல் கிதார்களுக்கிடையே அமிழ்ந்து எழுகின்றது. 'இது சேறு, புதுக் கலவையிலேதான் விரல் நரம்பில் உராய்வதும் தெரிகின்றது' என்பர் ஒரு சாரார். 'அந்த நெருக்கமே அதன் உயிர். பிரித்து வைத்தபோது கூட்டம் கலைந்து தனி மனிதர்களே எஞ்சினர்' என்பர் மறுசாரார். பின்வந்த செப்பங்களின் ஓங்கிய ஒலியைக் குறை கூறுவாரும் உளர். மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள தொலைவைக் குறைத்தால் முதற் கேள்வியில் கவர்ச்சி மிகும்; சிறிது நேரத்தில் செவி சோர்ந்துவிடும். இது பொய்யன்று. விடாது உரத்துப் பேசும் பேச்சாளர் முன் அமர்ந்தோர் இதனை அறிவர்.

நம் கருத்து யாது? தலைப்புப் பாடலையே எடுத்துக்கொள்வோம். அதில் பல கிதார்த் தடங்கள் பின்னிக் கிடக்கின்றன. வழுக்கு கிதார் வாசித்தவர் டுவேன் ஆல்மன். வெறும் மருந்துப் புட்டி ஒன்றை விரலில் மாட்டி நரம்பின்மேல் வழுக்கும் வித்தகர். அவர் சில இடங்களில் கிதாரின் கட்டைகள் முடியும் எல்லையையும் கடந்து, சுருதி சற்றுப் பிசகும் இடம்வரை ஏறிச் செல்கின்றார். பாடலின் பின்பாதியான பியானோப் பகுதியோ நாடாவைச் சற்று விரைவாக ஓட்டிக் கலந்ததாதலின் எந்தச் சுருதியிலும் சரியாக நில்லாது இரண்டிற்கும் நடுவே நிற்கின்றது. திருத்த விரும்பும் கைக்கு இவையெல்லாம் பிழை. ஆனால், எட்டாததை எட்ட முயலும் ஏக்கமே அப்பாடலின் பொருள் என்று உணர்ந்தவர்க்கு, அந்தப் பிசகே பொருளைச் சொல்லும் எழுத்து. தெளிவு வேறு, உண்மை வேறு. 1990ஆம் ஆண்டுக் கலவை நமக்குத் தெளிவை மிகுதியாகத் தந்தது. ஏக்கத்தைச் சிறிது குறைத்தது. பழைய கலவையைப் பேணிய 2011ஆம் ஆண்டுச் செப்பத்தையே நாம் மேலாகக் கொள்கின்றோம்.

அதே தட்டில் 'கீ டு த ஹைவே' என்னும் பழம்பாடல், இருளிலிருந்து ஒருவர் நடந்து வருவதுபோல் மெல்ல மெல்ல ஓங்கித் தொடங்குகின்றது. கலைஞர்கள் திட்டமின்றி வாசிக்கத் தொடங்கிவிட்டனர். டவுட் நாடாவை ஓட்டச் சொல்லி முடிப்பதற்குள் தொடக்கம் போய்விட்டது. எத்தனை பதிப்பு வந்தாலும் அத்தொடக்கம் வராது. இல்லாததை இல்லாததாகவே விட்டு வைத்திருப்பதை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

நிஜாமியின் காவியமும் இத்தகைய சோதனைக்கு உள்ளானதே. படியெடுத்தோர் தம் பைத்துகளையும் நுழைத்தனர். தெஹ்ரானில் 1930களில் அதனைப் பதிப்பித்த வஹீத் தஸ்த்கர்தி, இடைச்செருகல் எனத் தாம் கருதியவற்றை இனங்காட்ட முயன்றார். அதற்கும் முன்னர், பத்தாம் நூற்றாண்டில், அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ தம் 'கிதாபுல் அகானீ'யில் மஜ்னூன் பற்றிய செய்திகளை அறிவிப்பாளர் வரிசையோடு தொகுத்தார். அப்படி ஒருவன் இருந்ததே இல்லை என்ற கூற்றையும் மறைக்காமல் அருகிலேயே வைத்தார். பாடல்களின் நூலுக்கு அவர் காட்டிய வழி இது: வேறுபட்ட பாடங்களை அடுத்தடுத்து வை, எது எவரிடமிருந்து வந்தது என்று சொல், ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் ஒட்டாதே. புதுக் கலவை செய்வது குற்றமன்று. அது புதுக் கலவை என்று அறியாமல் ஓர் இளைஞர் அதனையே மூலமெனக் கொள்ளும்படி விடுவதுதான் குறை.

அறிவிப்பாளர் வரிசையில் இன்னொரு குறையும் உண்டு. பியானோப் பகுதிக்குத் தாளக் கலைஞர் ஜிம் கார்டனின் பெயரே ஆசிரியர் பெயராக உள்ளது. அவ்விசையை அமைத்ததில் தமக்கும் பங்குண்டு என்று பாடகி ரீட்டா கூலிட்ஜ் 2016இல் வந்த தம் நூலில் எழுதினார். எட்டு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த நிஜாமிக்குப் பெயர் தந்தவர்கள், உயிரோடிருந்த ஒரு பெண்ணின் கூற்றை ஆராய்ந்திருக்க வேண்டாவா? ஒலியில் தூசி தட்டியோர் பெயரிலும் தட்டியிருக்கலாம்.

ஆல்மன் 1971 அக்டோபரில், 24ஆம் வயதில், மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். தம் விரல் பட்ட ஒலியை இவ்வாறு மாற்றலாமா என்று கேட்டால் விடை சொல்ல அவர் இல்லை. டவுடும் 2002இல் மறைந்தார். இறந்தோர் விட்டுச்சென்றது நம் உடைமையன்று, நம்மிடம் வைக்கப்பட்டது. நம் வீட்டுப் பரண்களில் முன்னோர் ஓதிய பைத்துகளின் பழைய நாடாக்களும், செல்லரித்த கித்தாபுகளும் இருந்தால், அவற்றைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் மூலத்தை அப்படியே ஒரு படி எடுத்து வைத்துவிட்டுக் கை வைக்கட்டும்.

வல்லாஹு அஃலம்.