பாடம் எளிதாக்கும் மரபும் அதன் தரமும்

ஆங்கில வாசிப்புப் பாடத்தை மாணவர் நிலைக்கேற்ப மாற்றியெழுதும் பணியில் இந்நாட்டில் மூன்று வழிகள் நிலைபெற்றுள்ளன என்பது இம்மலரை வெளியிடும் அமைப்பின் உறுப்பினர் அறிந்ததே. முதலாவது, டாக்கா ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1920களில் வகுத்த சொல்வரையறை வழி. 'எர்', 'ஐல்' போன்ற அருகிய சொற்களை நீக்கி 'பிஃபோர்', 'ஐலண்ட்' முதலிய வழக்குச் சொற்களை வைப்பதும், ஏறத்தாழ 50 சொற்களுக்கு ஒன்று என்னும் அளவில் புதுச்சொற்களைப் பரப்புவதும் அதன் இரு தூண்கள். அவர் 1953இல் வெளியிட்ட சொற்பட்டியல் சுமார் 2,000 தலைச்சொற்களைக் கொண்டது. இரண்டாவது, சென்னை மாநிலத்தில் 1950களில் பரவிய அமைப்பு முறை, அதாவது வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகக் கொண்டுசெல்வது. மூன்றாவது, என்.எஸ். பிரபு 1979இல் தொடங்கிய பெங்களூர்த் திட்டத்தின் வழி. அது மொழியைக் கத்தரிக்காமல், மாணவர் செய்யவேண்டிய பணியைப் படிநிலைப்படுத்தியது.

1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தின் மூத்த ஆசிரியர்கள் இரண்டாம் வழியில் பயின்றவர்களாயினும், அதன் வரம்பிலேயே நின்றுவிடவில்லை. இக்கட்டுரையாளரின் ஆசான், பென்னாகரம் வட்டத்து முதல் தலைமுறை மாணவர்களுக்காக நான்-டீடெயில் கதைகளை ஸ்டென்சிலில் எழுதி உருட்டியெடுத்துக் கொடுத்தபோது, கதைக்கு இன்றியமையாத கடுஞ்சொல்லை நீக்காமல், அதன் பொருள் அதே வாக்கியத்தில் விளங்குமாறு ஒரு தொடரைச் சேர்ப்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தார். விரித்தெழுதல் எனப்படும் இம்முறையை மைக்கேல் லாங் முதலிய மூவர் 1994இல் ஆய்ந்து வெளியிட்டனர். பென்னாகரத்து வகுப்பறை அதனை முன்பே அறிந்திருந்தது என்பதை இவ்வமைப்பு பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

இன்று இப்பணியில் ஈடுபடுவோரில் திறமையும் உழைப்பும் உடையோர் பலர். எவரையும் சுட்டிக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. ஆயினும் வாக்கியத்தைக் குறுக்குவதே எளிதாக்குதல் என்னும் எண்ணம் சிலரிடம் வேரூன்றிவிட்டது. ஒகேனக்கல்லைப் பற்றிய பாடத்தில் 'ஆற்றில் வெள்ளம் பெருகியதால் பரிசல் ஓடவில்லை' என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியத்தை, 'வெள்ளம் பெருகியது. பரிசல் ஓடவில்லை' என இரண்டாக வெட்டினால், 'பிகாஸ்' என்னும் இணைப்புச்சொல் உதிர்வதோடு காரண காரியத் தொடர்பும் உதிர்கிறது. எழுத்தில் தரப்பட்டிருந்த அத்தொடர்பை, மொழியில் தடுமாறும் மாணவனே ஊகித்துக்கொள்ள வேண்டியதாகிறது. இவ்வாறு வெட்டப்பட்ட பாடங்களையே பத்தாம் வகுப்புவரை படித்தவன், கல்லூரியில் பத்து வரி நீளும் வாதத்தைக் கண்டு மலைக்கிறான், அலுவலகத்தில் அரசாணையின் நிபந்தனையைத் தவறவிடுகிறான், பொதுமேடையில் காரணமின்றிச் சொல்லப்படும் எதனையும் நம்புகிறான். ஆகவே ஒரு தலைமுறையின் சிந்தனைத் தளர்ச்சிக்கே இக்கத்தரிக்கோல் பொறுப்பேற்க வேண்டும் என்பது மிகையாகாது.

எளிதாக்கிய பாடத்தைப் படித்த மாணவன், சில காலத்திற்குப் பின் மூலத்தைத் துணையின்றிப் படிக்க வல்லவனாகிறானா என்பதே தரத்தின் உரைகல். எனவே உறுப்பினர் எழுதும் ஒவ்வொரு பாடத்தையும் மூலத்தோடு அருகருகே வைத்து, நீக்கியவை எவை, ஏன் நீக்கப்பட்டன என்னும் குறிப்புடன் மூத்தோர் இருவர் பார்வையிட்ட பின்னரே வகுப்புக்கு அனுப்பும் நடைமுறையைச் செயற்குழு வகுத்தல் நலம்.