பூசிய கருமை

கொல்லிமலை அடிவாரத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு நடுவராக வருமாறு என்னை அழைத்திருந்தார்கள். மாறுவேடப் போட்டி. வழக்கம்போல் பாரதியார் மூவர், ஜான்சி ராணி இருவர், பருத்தி ஒட்டிய தாடியுடன் திருவள்ளுவர் ஒருவர் என்று வந்து போயினர். இறுதியாக ஏழு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் வந்தான். உச்சி முதல் உள்ளங்கால் வரை கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசியிருந்தார்கள். இடுப்பில் மாவிலைக் கொத்து. கையில் அட்டையால் செய்த ஈட்டி. மேடையைச் சுற்றிக் குதித்துப் பொருளற்ற ஒலிகளை எழுப்பினான். 'மலைவாசி' என்று அறிவித்தார் ஆசிரியை. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

முன்வரிசையில், விடுதியில் தங்கிப் படிக்கும் மலையூர்ப் பிள்ளைகள் சிலர் அமர்ந்திருந்தனர். அவர்களும் சிரித்தார்கள். அவர்களுள் ஒரு சிறுமி என் பக்கம் திரும்பி, "அது யாரு சார்?" என்று கேட்டாள். "மலையிலே இருக்கிறவங்க" என்றேன். "எந்த மலையிலே?" என்றாள். எனக்கு விடை வரவில்லை. அந்த அரங்கின் சன்னல் வழியே பார்த்தால் அவளுடைய மலை தெரியும். அச்சிறுவனுக்கு இரண்டாம் பரிசுக்குரிய மதிப்பெண்ணை நான் முன்பே எழுதிவிட்டிருந்தேன். அதைத் திருத்தவும் இல்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குற்ற உணர்வே.

விழா முடிந்து தேநீர் அருந்தும்போது இதை நான் எடுத்துரைக்க, உடனிருந்த ஆசிரியப் பெருமக்கள் வியப்படைந்தனர். "குழந்தை விளையாட்டு, இதில் யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் எங்கே இருக்கிறது?" என்றார் ஒருவர். "இதெல்லாம் அமெரிக்காக்காரன் கவலை. கறுத்த நாட்டில் கறுப்பு பூசினால் என்ன குற்றம்?" என்றார் மற்றொருவர். இரண்டும் புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல.

முதலில் அந்த வேடம் மெய்யா என்று பார்ப்போம். கொல்லிமலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். கேரள நாட்டாரோடு இதற்குத் தொடர்பில்லை. அண்ணன் தம்பியர் மூவர் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்து மலைகளில் குடியேறியதாக அவர்களுடைய மரபுக் கதை கூறுகிறது. பேசுவது தமிழ். விளைவிப்பது சாமை, தினை, கேழ்வரகு, வாழை, பலா, மிளகு, காப்பி. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்லும் எவரும் காண்பது, கீழே சேந்தமங்கலத்தில் காணும் அதே முகங்களைத்தான். மேனி நிறத்தில் மலைக்கும் சமவெளிக்கும் வேறுபாடு ஒன்றுமில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அவ்வுயரத்தின் குளிர்காற்றில் இலையை உடுத்தித் திரிய எவராலும் இயலாது என்பதையும் சேர்த்துக்கொள்க. ஆக, அந்தக் கரி எந்த மனிதரையும் பார்த்துப் பூசியதன்று. 'காட்டில் இருப்பவன் கறுப்பாய் இருப்பான், கறுப்பாய் இருப்பவனுக்கு மொழி இராது' என்று நம் உள்ளத்தில் படிந்துவிட்ட ஓர் எண்ணத்தைப் பார்த்துப் பூசியது. ஆதலால்தான் அச்சிறுமியால் தன் மக்களை அதில் அடையாளம் காண முடியவில்லை.

இம்மலையின் பெயரை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவன் வல்வில் ஓரி. ஆடித் திங்களில் செம்மேட்டில் அவனுக்கு அரசே விழா எடுக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவனைச் சிறுபாணாற்றுப்படை எண்ணுகிறது. அவனைப் போரில் வென்றவன் பெயர் காரி. கருமை என்பதே அச்சொல்லின் பொருள். காரியும் அதே எழுவருள் ஒருவன். கருமையை ஓர் அரசன் தன் பெயராகச் சூடிக்கொண்ட நாடு இது. மாநிற மங்கையை மாயோள் என்று போற்றிய மொழி இது. நாம் எப்போது மாறினோம் என்று ஆராய்வது வேறொரு கட்டுரைக்குரியது.

'வேடத்தில் நிறம் பூசுவதே தவறா?' என்று கேட்பார்க்கு, இல்லை என்றே கூறுவேன். தெருக்கூத்தில் முகத்துக்கு வண்ணம் தீட்டாத வேடமே கிடையாது. அங்கே சிவப்பும் பச்சையும் பாத்திரத்தின் குணத்தைச் சொல்லுகின்றன. எந்த ஊராரையும் சுட்டுவதில்லை. ஆனால் நம் அண்டை நாட்டுக் கதகளியில் 'கரி' என்றே ஒரு வேட வகை உண்டு. அது காட்டு வேடனுக்கும் அரக்கிக்கும் உரியது. காடும் கருமையும் கொடுமையும் ஒரே குழம்பாய்க் கலக்கப்படும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு இது சான்று. பள்ளிச் சிறுவனின் தாய் கதகளியைக் கண்டிருக்கமாட்டாள். அக்குழம்பு அவள் கைக்கு வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வழி திரைப்படம் என்பது என் கருத்து.

அமெரிக்கர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830-களில் தாமஸ் ரைஸ் என்னும் வெள்ளைக் கூத்தாடி கருகிய தக்கையை முகத்தில் பூசிக்கொண்டு, 'ஜிம் க்ரோ' என்னும் பெயரில் கறுப்பு அடிமையாக ஆடிப்பாடிப் பொருளீட்டினான். பின்னர்க் கறுப்பினத்தாரை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கே அவ்வேடத்தின் பெயர் வழங்கலாயிற்று. 1927-இல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' என்னும் புகழ்பெற்ற பேசும் படத்திலும் நாயகன் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு பாடுகிறான். அடிமைச் சந்தை நடத்திய நாட்டின் புண் அது. அப்புண்ணை அப்படியே எடுத்து நம் மேனியில் ஒட்டிக்கொள்ளத் தேவையில்லை என்று நண்பர் கூறியதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நமக்கு நம் புண் இருக்கிறது.

நம்மவர் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2019 ஜூலைத் திங்களில் நடந்ததை வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். மின்வழிப் பணச் செலுத்துகைக்கான விளம்பரம் ஒன்றில், டென்னிஸ் சியூ என்னும் சீன நடிகர் ஒருவரே நான்கு வேடங்களில் தோன்றினார். ஒன்றில் தலைத்துணி அணிந்த மலாய்ப் பெண். மற்றொன்றில் நிறம் கூட்டிக் கறுப்பாக்கப்பட்ட இந்தியர். சட்டையில் முத்துசாமி என்று பெயர்ப்பட்டி. ஊரில் மலாய்க்காரரும் தமிழரும் நடிக்க வராமல் போய்விட்டார்களா என்று மக்கள் கேட்டனர். விளம்பரம் நீக்கப்பட்டது, பொறுப்பாளர்கள் மன்னிப்புக் கோரினர். நடிகரும் வருந்தினார். அதைக் கண்டித்துப் பாட்டு வெளியிட்ட இந்திய உடன்பிறப்புகள் இருவர்மீதோ காவல்துறை எச்சரிக்கை பாய்ந்தது. அப்பாட்டின் சொற்கள் கடுமையானவை, நானும் அவற்றை ஏற்கேன். ஆயினும், முத்துசாமி என்று பெயர் குத்திய சட்டையைக் கண்டபோது இங்குள்ள நமக்கே நெஞ்சில் சுருக்கென்றது உண்மை. அந்தச் சுருக்கென்றதை நினைவில் வைத்துக்கொண்டு, நாமே உருவாக்கிய படத்துக்கு வருவோம்.

2007-இல் வெளிவந்த 'சிவாஜி' படத்தை ஷங்கர் இயக்கினார், தயாரித்தது ஏ.வி.எம். நாயகனுக்குப் பெண் பார்க்கும் நகைச்சுவைக் காட்சிகளில் அண்டை வீட்டு மகளிர் இருவர் வருகின்றனர். முகம் முழுதும் கருமை பூசி, அவர்கள் தோன்றும்போதெல்லாம் பார்ப்போர் சிரிக்குமாறு காட்சி அமைந்துள்ளது. வேறு குறை அவர்களுக்கு இல்லை. கறுப்பாய் இருப்பதே சிரிப்பு. அவர்களுக்குச் சூட்டிய பெயர்களைக் கேளுங்கள்: அங்கவை, சங்கவை. தந்தையாக நடித்தவரோ பட்டிமன்ற மேடைகளால் தமிழகம் முழுதும் அறிந்த பேராசிரியர் சாலமன் பாப்பையா. ஓரியோடு ஒருங்கு எண்ணப்பெறும் பாரி வேந்தனின் மகளிர் பெயர்கள் அவை. அப்பெயர்கள் பிற்காலத் தனிப்பாடல் மரபில் வந்தவை என்பாரும் உளர், இருக்கட்டும். தந்தையையும் குன்றையும் இழந்த அம்மகளிர் பாடிய பாட்டு புறநானூற்றில் 112-ஆம் எண்ணில் இருக்கிறது. அவர்களுக்கு வாழ்வு தேடி அரசர் வாயில்தோறும் அலைந்தவர் கபிலர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களை ஒருவரும் ஏற்கவில்லை என்பதை வேடிக்கையாக்கியிருக்கிறோம். பெயரைத் தேர்ந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரிந்தே செய்ததுதான் வலிக்கிறது.

அதே படத்தில், நாயகி நாயகனின் நிறத்தைக் காரணம் காட்ட, அவன் வெளுப்பதற்காகப் படாத பாடு படுகிறான். பின்னர் ஒரு பாடலில் கணிப்பொறியின் துணையால் அவனை வெள்ளைக்காரனாகவே காட்டுகிறார்கள். திரைக்கு வெளியே தன் கருநிறத்தை மறைக்காமல் நடமாடுபவர் என்பதாலேயே மக்களின் அன்பைப் பெற்ற நடிகர் ரஜினிகாந்த். அவரையே வெளுக்க வைத்ததைக் கண்டு கைதட்டியவர்களும் நாமே.

2021-இல் வந்த 'ஜெய் பீம்' வேறு வகை. இருளர் மக்களுக்குக் காவல் நிலையத்தில் நேர்ந்த கொடுமையை 1993-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றின் அடிப்படையில் சொன்ன படம் அது. செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் கேரளத்தவர்; நிறம் கூட்டப்பட்டே திரையில் தோன்றினார். அதையும் சிலர் குறை கூறினர். அவர் நடிப்பை நான் கண்டேன், கண்ணீர் வந்தது. அது கேலி அன்று. ஆகவே 'சிவாஜி' படத்தோடு இதை ஒரே தட்டில் வைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. நிறம் கூட்டிக்கொண்டு வருபவருக்குத் திறக்கும் வாயில், அந்நிறத்தோடு பிறந்த பெண்ணுக்கு ஏன் திறப்பதில்லை? கறுத்த நாயகியைக் கறுப்பாய் இருக்கும் பாத்திரத்துக்குக்கூட அழைக்காத தொழில் நம்முடையது.

அரபுலகமும் இதற்கு விலக்கன்று. முஅல்லகாக் கவிஞர் எழுவருள் ஒருவரான அந்தரா, அபிசீனிய அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். நிறம் காரணமாகத் தந்தையே மகனென ஏற்கத் தயங்கினார். 'அரபியரின் காகங்கள்' என்று அத்தகைய கவிஞர்களுக்கு ஓர் இழிபெயரே உண்டு. 1961-இல் எகிப்தில் எடுத்த படத்தில் ஃபரீத் ஷவ்கீ முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு அந்தராவாக நடித்தார். கறுத்தவரைப் பற்றிய கதையிலும் கறுத்தவருக்கு இடமில்லை. 1976-இல் முஸ்தஃபா அக்காது எடுத்த 'தி மெஸேஜ்' படத்தின் ஆங்கிலப் பதிப்பில் ஹள்ரத் பிலால் (ரலி) அவர்களின் பாத்திரம் மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்த ஜானி செக்கா என்பாருக்கு வழங்கப்பட்டது. பூச்சு தேவைப்படவில்லை. நபித்தோழரை நடித்துக் காட்டலாமா என்பது வேறு விவாதம். அதற்குள் நான் புகவில்லை.

பிறர் நம்மை எவ்வாறு நடித்துக் காட்டுகிறார்கள் என்பதற்கும் ஒரு சான்று. 2001-இல் வான்கூவரில் தனியார் பள்ளியொன்றின் 'அரபு இரவுகள்' விருந்துக்கு ஓர் இளம் ஆசிரியர் முகமும் கழுத்தும் கையும் கறுப்பாக்கித் தலைப்பாகை அணிந்து அலாவுத்தீனாக வந்தார். அவரே பின்னாளில் கனடாவின் பிரதமராயிருந்த ஜஸ்டின் ட்ரூடோ. 2019 செப்டம்பரில் அப்படம் வெளியாக, மன்னிப்புக் கேட்டார். ஆசிரியர் வகுப்பார் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்! இதில் வேடிக்கை யாதெனில், அலாவுத்தீன் கதை சீன நாட்டில் நடப்பதாகவே சொல்லப்பட்டது. கதையைப் படித்தவர் எவரும் அந்த முகத்துக்குக் கரியைத் தேடியிருக்கமாட்டார். அறியாமையும் இழிவும் ஒரே டப்பாவில் வருகின்றன.

இனி, 'எண்ணம் தூய்மையாயிருந்தால் குற்றம் ஏது?' என்னும் வாதம். செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்பதை மதரசாவில் முதலாண்டு மாணவனும் அறிவான். ஆனால் பிக்ஹு நூல்களில் 'ளமான்' என்றொரு பகுதி உண்டு. அடுத்தவர் பானையை அறியாமல் உடைத்தவன் பாவியல்லன். எனினும் பானைக்கு விலை கொடுக்கவேண்டும். உடைத்தது சிறுவனாயினும் அவன் பொருளிலிருந்து ஈடு தரப்பட வேண்டும். எண்ணம் பாவத்தை நீக்கும். உடைந்த பானையை ஒட்டவைக்காது. பள்ளிச் சிறுவனும் அவன் தாயும் பாவமற்றவர்களே. பானை உடைந்தது என்பதும் மெய்யே. மேலும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் கீபத்தைப் பற்றி எழுதுமிடத்தில், ஒருவரைப் போல நடந்து காட்டுவதையும் புறம்பேசுதலாகவே சேர்க்கிறார்கள். சொல்லால் வரைவதைவிட உடலால் வரைவது தெளிவாயிருப்பதால் அதனினும் கொடியது என்கிறார்கள். நொண்டி நடப்பதை நடித்துக் காட்டுதல் அவர்கள் தரும் சான்று. நிறத்தைப் பூசிக் காட்டுதலும் அவ்வினத்தைச் சேர்ந்ததே என்பது என் துணிபு. ஆனால், சிரிப்பதற்கு ஒருவரும் இலக்காகாத இடத்தில் அத்தடை இராது. ஆகவே கூத்துக்காரரை நான் விட்டுவிடுகிறேன்.

திரைப்படத்தையும் பள்ளியையும் சொன்னேன். நம் வீடுகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆண்டுதோறும் மேடையேறிப் பிலால் (ரலி) அவர்களைப் பற்றி முழங்கும் நாம், பெண் பார்க்கப் போகையில் முதலில் கேட்பது என்ன? 'கொஞ்சம் நிறம் கம்மிதான்' என்று பெண்ணைப் பெற்றவரே குரலைத் தாழ்த்திச் சொல்லும் வீட்டில் நானும் அமர்ந்திருக்கிறேன். அதே வீட்டில் மணநாளுக்கு முன்பு அப்பெண்ணின் முகத்தில் வெள்ளைப் பூச்சு ஏறும். கேலிக்குக் கறுப்பு, கலியாணத்துக்கு வெளுப்பு. அங்கவை சங்கவையைக் கண்டு சிரித்த கூட்டத்தில் அத்தகைய பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பர், அவர்கள் எவ்வாறு சிரித்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அண்மையில் அந்தத் தலைமையாசிரியரை மீண்டும் சந்தித்தேன். மலைவாழ் மக்களை மேடையில் காட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வேட்டியும் தலைத்துண்டும் தோளில் ஒரு மிளகுச் சாக்கும் போதும். பேசத் தமிழ் இருக்கிறது. எப்படிப் பேசுவது என்று விடுதிப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லித் தருவார்கள் என்றேன். முகத்தில் கரி பூசலாகாது என்று விதி வைக்கலாமே என்றும் கூறினேன். அவர் சிறிது சிந்தித்து, "அப்படியானால் கண்ணன் வேடத்துக்கு நீலம் பூசுகிறார்களே, பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், ஹள்ரத்" என்றார். நீலம் இருக்கட்டும் என்றேன். நீலமாய்ப் பிறந்தவர் எவரும் அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கப்போவதில்லை. கரி பற்றிய விதியை அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.