ஒருவழி உரிமை

அரியமங்கலத்தில் தோழி ஒருத்தியின் வீட்டு மாடியில் வியாழக்கிழமைதோறும் ஜெபக் கூட்டம் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கித்தார், ஒரு கீபோர்டு. அங்கியும் இல்லை, பீடமும் இல்லை. முப்பது வயதுப் போதகர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருவார். “இங்க பெரியவங்க சின்னவங்க இல்ல, எல்லாரும் ஒரே குடும்பம்” என்பார். ஐயரைக் கண்டால் எழுந்து நின்றே பழகிய எனக்கு அந்த எளிமை பிடித்திருந்தது.

ஒருநாள், வீட்டுவேலை செய்து பிழைக்கும் அறுபது வயது அக்கா ஒருவர் எழுந்தார். “ஐயா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. கட்டடத்துக்குன்னு வாங்குன காணிக்கைக்குக் கணக்கு சொல்லுவீங்களா?” போதகர் சிரித்தார். “என்னம்மா நீ, குடும்பத்துக்குள்ள கணக்கு கேப்பியா? உக்காரு.” கூட்டமும் சிரித்தது. அக்கா உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் வரவில்லை.

இலக்கணம் நடத்திப் பிழைக்கும் எனக்கு அன்றிரவு உறுத்தியது அந்த ‘நீ’தான். தாய் வயதுக்காரர் ‘நீங்க’ என்கிறார், மகன் வயதுக்காரர் ‘நீ’ என்கிறார். அங்கி போய்விட்டது, மேடு பள்ளம் போகவில்லை. மேலிருந்து கீழே பேசினால் அது உரிமை. கீழிருந்து மேலே பேசினால் வாய்நீளம். ‘குடும்பம்’ என்ற சொல்லும் அவ்வளவு ஒன்றும் அப்பாவியான சொல் அல்ல. நம் வீடுகளில் யார் கணக்குக் கேட்கிறார், யார் ஒப்பிக்கிறார் என்பது பெண்களுக்குத் தெரியும்.

பழைய சபைகள் மேல் என்று சொல்லவரவில்லை. அங்கே போதகர் ‘ஐயர்’. ஜி. யு. போப்பும் நமக்குப் போப் ஐயர்தான். ஐயரின் மனைவி ‘ஐயரம்மா’. தென்னிந்தியத் திருச்சபை 1970களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது. 2013இல் புஷ்பலலிதா அதன் முதல் பெண் பேராயரானார். ஆனாலும் பெண் குருவை ‘ஐயரம்மா’ என்று அழைத்தால் அவருடைய கணவர் எந்தச் சபையில் ஐயர் என்று தேடத்தான் தோன்றும். பட்டம் வந்துவிட்டது, அழைக்கும் சொல் இன்னும் மனைவியிடமே இருக்கிறது.

வேதாகமத் தமிழ் இதைவிட வேகமாக நகர்ந்திருக்கிறது. கிணற்றடியில் இயேசுவை எதிர்க்கேள்வி கேட்ட சமாரியப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹென்றி பவர் குழு செய்த மொழிபெயர்ப்பில் அவள் ‘ஸ்திரீ’. அவளுக்கு ‘நீ’, ‘ஆள்’ விகுதி. பேதுருவுக்கும் அதில் ‘ஆன்’தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பிலோ அவருக்கு ‘ஆர்’ விகுதி. இயேசு அவரை ‘அம்மா’ என்கிறார், ‘நீர்’ என்று பேசுகிறார். இதனால் இயேசுவின் மதிப்பு குறைந்துவிட்டதா? பெண்ணின் கேள்விக்கு எடை கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் போதகரை நாமும் ‘நீ’ என்று அழைப்பதா தீர்வு? காவிரிக்கு அக்கரையில், திருவரங்கத்தில் விடை இருக்கிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், தன் வளையைக் கழலச் செய்தவர் என்று அரங்கன்மேல் புகார் சொல்கிறாள். அந்தப் புகாரை ‘ஆர்’ விகுதியோடுதான் சொல்கிறாள். அவளுக்கு மரியாதை கேள்வியை விழுங்கவில்லை, கேள்வி மரியாதையைக் கெடுக்கவுமில்லை.

அரியமங்கலத்து அக்கா செய்ததும் அதுதான். ‘ஐயா’ என்றார், ‘நீங்க’ என்றார், கணக்கும் கேட்டார். போதகரின் அதிகாரத்தை அந்த மாடியில் உண்மையாக மதித்தவர் அவர் ஒருவர்தான். பதில் சொல்லும் பொறுப்பு அந்த அதிகாரத்துக்கு உண்டு என்று நம்பியதால்தான் கேட்டார். அவருக்குத் திரும்பி வந்திருக்க வேண்டியவை இரண்டு: ஒரு ‘நீங்க’, ஒரு கணக்கு நோட்டு.

அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.