அளவிறந்ததும் அளவு மீறியதும்

ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்கப் பழகும் நம் மாணவர்க்கு அறியாத சொற்களினும் அரைகுறையாய் அறிந்த சொற்களே பெரிதும் இடர் விளைப்பன. பொருள் தெரியாத சொல்லை மாணவன் அஞ்சி விலக்குவான். தெரிந்ததாக எண்ணிய சொல்லையே துணிந்து கையாண்டு வழுவுவான். மிகுதியைக் குறிக்கும் சொற்கள் இவ்வழுவுக்குச் சிறப்பாக இடந்தருவன. அவற்றுள் ‘இனோர்டினேற்’ என்னும் ஒன்றை ஈண்டு ஆராய்வாம்.

அச்சொல்லுக்கு ‘அளவு கடந்த’ என அகராதி வழியாகப் பொருள் கொள்வது வழக்கம். அகராதிக் கலை யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1842ஆம் ஆண்டிலே மானிப்பாயிலிருந்து தமிழகராதி வெளிவந்தது. உடுவிலிற் பணிபுரிந்த வின்சிலோ என்பார், யோசேப்பு நைற் தொகுத்து வைத்தவற்றையும் துணையாகக் கொண்டு, 1862இல் சென்னையிலே தம் தமிழ் - ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டார். இத்தகைய நூல்களாற் பெறும் பயன் பெரிது. ஆயினும் சொல்லின் பொருளைக் காட்டும் அகராதி, அது புகழ்தற்கு உரியதோ பழித்தற்கு உரியதோ என்பதை எப்போதும் காட்டுவதில்லை.

‘என் தாய் அளவற்ற அன்புடையாள்’ என எழுதக் கருதிய மாணவன், அன்பிற்கு அடையாக அவ்வாங்கிலச் சொல்லை வைப்பானாயின் விளைவது யாது? தாயின் அன்பு முறையிகந்தது, பிள்ளையைக் கெடுக்கும் அளவுக்கு மிஞ்சியது என்றே படிப்போர் கொள்வர். போற்றப் புகுந்தவன் பழித்தவனாகின்றான். பிரியாவிடை உரையிலே ஆசிரியரின் தொண்டுக்கு இவ்வடையைச் சேர்ப்பினும் இதுவே முடிபு. இலக்கணம் வழுவவில்லை, எழுத்தும் பிழைக்கவில்லை, கருத்து மட்டும் தலைகீழாயிற்று.

இவ்வேறுபாடு தமிழ்ச் செவிக்கு அந்நியமானதன்று. இறத்தல் என்பதும் கடத்தல். மீறல் என்பதும் கடத்தல். ஆயினும் இறைவன் கருணையை ‘அளவிறந்தது’ என்போம். ‘அளவு மீறியது’ என்னோம். ஒருவன் குடியை ‘அளவு மீறியது’ என்போம். ‘அளவிறந்தது’ எனப் பெருமை தோன்றக் கூறோம். கடலை வரம்பில்லாதது என்பது புகழ்ச்சி. மாரியிலே வயல்நீர் வரம்பு மீறிற்று என்பது முறைப்பாடு. அடிப்படைப் பொருள் ஒன்றாயினும் வழக்கு இவற்றைப் பிரித்து வைத்தது. ‘அளவு கடந்த’ என்னும் தொடரோ இருபாலும் செல்லும்; மகிழ்ச்சிக்கும் வரும், செருக்குக்கும் வரும். மாணவன் தடுமாறுவது இங்கேதான். இருபாலுஞ் செல்லும் தமிழ்த் தொடருக்கு, பழிப்பின்பாற் செல்லும் ஆங்கிலச் சொல்லை நேராக வைத்துவிடுகின்றான்.

ஆங்கிலத்திலும் இவ்வினச் சொற்கள் தத்தமக்குரிய இடமறிந்து நிற்பன. ‘எக்ஸோர்பிற்றன்ற்’ என்பது இலத்தீனிலே வண்டித் தடத்தை விட்டு விலகுதலைக் குறித்த சொல்லிற் பிறந்தது. இன்று பெரும்பாலும் விலைக்கும் கட்டணத்துக்கும் அடையாகும். ‘எக்ஸ்ற்றாவகன்ற்’ என்பது எல்லைக்கு அப்பால் அலைதல் என்னும் பொருளது. ‘ஹம்லெற்’ நாடகத்திலே சேக்சுபியர் அலையும் ஆவிக்கு அதனை அடையாக்கினார். இன்று வீண்செலவுக்கே பெரிதும் உரியதாயிற்று. ‘இனோர்டினேற்’ என்பதன் வேர்ப்பொருள் ஒழுங்கிற்படாதது என்பது. ‘ஒதெல்லோ’ நாடகத்திலே மதுவால் மதியிழந்து பதவியும் இழந்த காசியோ, தெளிந்தபின் மதுக்கிண்ணத்துக்கு அச்சொல்லை அடையாக்கிப் பேசுகின்றான். அளவினை மீறிக் கெட்டவன் வாயிலே அச்சொல் எத்துணைப் பொருத்தமாய் அமைந்தது என்பதை மாணவர் நோக்குக. கட்டுப்படாமையைக் குறிக்கும் ‘அன்றெஸ்ற்றெயின்ட்’ என்பதோ மகிழ்ச்சிக்கும் பொருந்தும், சினத்துக்கும் பொருந்தும். தாயன்புக்கு வேண்டியது எல்லையின்மையைக் குறிக்கும் ‘பவுண்ட்லெஸ்’ என்பதாம்.

இப்பிழையின் வேர் கீழ்வகுப்புகளிலேயே ஊன்றிவிடுகின்றது. ‘வெரி’ என்பது மிகுதியை மட்டும் சொல்லும். அடைமொழியின் முன் வரும் ‘ரூ’ என்பது வேண்டியதன் மேற்பட்டதைச் சொல்லும். நம் ‘மிக’ என்னுஞ் சொல்லை இரண்டிற்கும் ஈடாகக் கொள்ளும் மாணவன், ‘தேநீர் மிகச் சூடு’ என்று மகிழ்வதற்கும், ‘குடிக்க முடியாத சூடு’ என்று முறையிடுவதற்கும் வேற்றுமை காணான். சிறு சொல்லிலே இதனைத் திருத்தாது விட்டால் பெருஞ்சொல்லிலே திருத்துதல் அரிது.

இனி, இச்சொல்லை ஆள்வோன் ஒரு கடமையை ஏற்கின்றான். மிகை என்று சொல்பவன் அளவு இதுவெனக் காட்டக் கடமைப்பட்டவன். நீதிமன்றத்தார் ‘மிதமிஞ்சிய தாமதம்’ என்னும் பொருளில் இச்சொல்லை ஆளும்போது, தக்க காலம் ஒன்று உண்டு என்பது உட்கிடை. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 126ஆம் உறுப்புரையிலே, அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம் என்னும் கால எல்லையை வகுத்தது. அளவு வகுத்த இடத்திலே மீறலைச் சுட்டுவது எளிது. அளவு கூறாது மிகை கூறுவது தீர்ப்பன்று, வசைமொழியே.

பவணந்தியார் நன்னூலிலே நூற்குற்றம் பத்தினுள் குன்றக் கூறலை அடுத்து மிகைபடக் கூறலை வைத்தார். மிகையைக் குறிக்கும் சொல்லையே மிகைபட வழங்குதல் அக்குற்றத்தின்பாற்படும். மாணவர் அச்சொல்லை அஞ்சி ஒதுக்க வேண்டா. அதனை எழுதுமுன் ‘யான் புகழ்கின்றேனா, பழிக்கின்றேனா?’ என்று ஒருமுறை வினவுக. பழிப்பதாயின், ‘எவ்வளவினை மீறியதற்காக?’ என்று மறுமுறை வினவுக. இவ்விரு வினாவுக்கும் விடை கண்டபின் எழுதுஞ் சொல், எழுதியவன் கருதியதையே சொல்லும்.