உருண்டையைப் பிடிப்பது எது?

பசியோடு வந்த கிழவருக்கு வள்ளி தினைமாவும் தேனும் கொடுத்தாள். தின்றதும் அவருக்குத் தாகம் எடுத்தது. சுனை எங்கே என்று கேட்டார். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் வரும் இந்தக் கதை, வள்ளியை மணந்த முருகன் வந்து அமர்ந்த திருத்தணியில் குழந்தைகளுக்கும் தெரியும். காதல் கதையாகவே கேட்டுப் பழகியதால் அதிலுள்ள சமையல் செய்தி நம் கண்ணில் படுவதில்லை. உலர்ந்த மாவு எவ்வளவு நல்ல மாவாக இருந்தாலும் தொண்டையில் நிற்கும். அதை வழுக்கி இறங்க வைக்கவும், ஒன்றாகப் பிடித்து வைக்கவும் வேறொரு பொருள் வேண்டும். அடுப்பேற்றாமல் செய்யும் எல்லாத் தின்பண்டங்களுக்கும் முதல் சிக்கல் இதுதான். இன்று ‘ப்ரோட்டீன் பைட்ஸ்’ என்ற பெயரில் பரவியிருக்கும் பழமணப் புரத உருண்டைகளின் பலமும் பலவீனமும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து.

அந்த உருண்டையின் செய்முறை எளிது. ஓட்ஸ், நிலக்கடலை விழுது, பேரீச்சம்பழம், ஒரு கரண்டி ‘வே’ எனப்படும் பால் புரதப்பொடி, அதோடு ஸ்ட்ராபெரி சீஸ்கேக் என்றோ மாம்பழ ஐஸ்கிரீம் என்றோ நினைவூட்டும் ஒரு மணம். எல்லாவற்றையும் பிசைந்து, எலுமிச்சை அளவில் உருட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. இதை மேல்நாட்டு மோகம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஓவன் கிடையாது. விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்கு அடுப்பே கிடையாது. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பாகோடு போராட வேண்டாம். எண்ணெய்ச் சட்டியும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை தானே செய்து தானே தின்னலாம். மைதாவும் பாமாயிலும் சர்க்கரையும் சேர்ந்த பிஸ்கட் பொட்டலம் இருந்த இடத்தில் கடலையும் எள்ளும் சிறுதானியமும் வந்து உட்காருமானால் அது சிறிய மாற்றம் இல்லை.

இதற்கு மறுமொழியாக உடனே எழும் குரல் ஒன்று உண்டு: “இதையெல்லாம் நம் பாட்டி அன்றைக்கே செய்தாள்.” பாதிதான் உண்மை. பொரிவிளங்காய் உருண்டைக்குப் பாகு காய்ச்ச வேண்டும். மாலாடுக்கு நெய்யைச் சூடாக்கி ஊற்ற வேண்டும். நெருப்பே படாமல் நம்மிடம் உள்ளவை என்று எண்ணினால் தேனில் பிசைந்த தினைமாவு, மாவிளக்கு மாவு, உரலில் இடித்த எள்ளும் வெல்லமும், பஞ்சாமிர்தம் எனச் சிலவே மிஞ்சுகின்றன. இவற்றில் எதுவும் புரதத்துக்காகச் செய்யப்பட்டதும் இல்லை. படையலுக்காக, நோன்புக்காக, வழிநடைக்காகச் செய்தார்கள். அவற்றுக்குப் பின்னாளில் ஒரு சத்துப் பட்டியலை ஒட்டவைத்துப் பெருமை பேசுவது பாட்டிக்கும் நியாயம் செய்யாது, தின்கிறவருக்கும் நியாயம் செய்யாது.

நெருப்பே வேண்டாம் என்பதிலும் ஒரு மறைவு இருக்கிறது. பொட்டுக்கடலை என்பதே வறுத்து உடைத்த கடலைதான். யாரோ ஒருவர் சூடான மணலில் நமக்காக வறுத்துவிட்டார். தட்டை ஓட்ஸும் ஆலையில் நீராவி பட்டே வருகிறது. ஆனால் இந்தச் செய்முறையைப் பார்த்துவிட்டு ஓட்ஸுக்குப் பதில் மில்லில் அரைத்த பச்சைத் தினைமாவையோ கோதுமை மாவையோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து. 2016-இல் அமெரிக்காவில் பச்சைக் கோதுமை மாவின் வழியாக ஈ.கோலைக் கிருமி பரவிப் பல மாநிலங்களில் மக்கள் நோயுற்றார்கள். ஏராளமான மாவு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. வயலிலும் களத்திலும் புழுதிபட்ட தானியம் அரைத்தவுடன் தூய்மையாகிவிடாது. தினையைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் சிறு தீயில் போட்டுக் கிளற வேண்டும். முதலில் ஈரம் ஆவியாகப் போகும். பிறகு மணிகள் படபடவென்று ஒன்றிரண்டாகத் துள்ளும். பச்சை வாடை மாறி ஒரு கொட்டை மணம் எழும். அந்த இடத்தில் இறக்கி, ஆறவிட்டு அரைத்தால் மாவும் பாதுகாப்பாகிறது, ருசியும் கூடுகிறது. ஓவன் வேண்டாம் என்பது சரி. வறுவல் வேண்டாம் என்பது சரியில்லை.

இப்போது புரதக் கணக்குக்கு வருவோம். நம் ஊர்ச் சாமான்களையே எடுத்துக்கொள்கிறேன். வறுத்த தினைமாவு 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 100, நிலக்கடலை 50, எள் 25, பேரீச்சை 75, உலர்ந்த மாம்பழக் கூழ் 50; ஆக 400 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராமுக்குத் தினையில் சுமார் 12 கிராம் புரதம், பொட்டுக்கடலையில் 22.5, நிலக்கடலையில் 25, எள்ளில் 18. பேரீச்சையிலும் பழக்கூழிலும் உள்ள சிறிதளவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மொத்தக் கலவையில் 54 கிராம் வருகிறது. 20 கிராம் எடையில் இருபது உருண்டை பிடித்தால் ஒன்றில் 2.7 கிராம் புரதம், ஏறத்தாழ 75 கலோரி.

ஒரு கோழிமுட்டையும் அதே 75 கலோரிதான். அதில் 6 கிராம் புரதம். உருண்டைக்குள் போன பொட்டுக்கடலையையே தனியாக 20 கிராம் அள்ளி மென்றால் 4.5 கிராம் கிடைத்திருக்கும். சாமான் எதுவும் மோசமில்லை. இருந்தும் பண்டம் ஏன் மெலிந்துபோகிறது? பிடிமானத்துக்காகப் போட்ட பேரீச்சையும் பழக்கூழும்தான் காரணம். பேரீச்சையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, புரதம் 100 கிராமுக்கு இரண்டரை கிராம்கூடத் தேறுவது கடினம். தேனிலும் வெல்லத்திலும் புரதம் இல்லையென்றே சொல்லிவிடலாம். உருண்டை உதிராமல் நிற்க வேண்டுமென்று இவற்றைக் கூட்டக் கூட்ட, எதற்காக உருண்டை செய்தோமோ அது குறைந்துகொண்டே போகிறது. ‘வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று சொல்லிக்கொள்வதால் இந்தக் கணக்கு மாறாது. உலகச் சுகாதார நிறுவனம் தேனையும் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறது.

விதிகளும் இங்கே வாங்குகிறவருக்குப் போதிய துணையாக இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளின்படி, ஒரு திட உணவின் 100 கிராமில் ஒரு நாள் தேவையின் 20 விழுக்காடு புரதம் இருந்தால் ‘புரதம் நிறைந்தது’ என்று அச்சிடலாம். 65 கிலோ எடையுள்ள ஆணின் தேவையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது நாளுக்கு 54 கிராம். அதில் 20 விழுக்காடு 10.8 கிராம். நம் கலவையின் 100 கிராமில் 13.5 இருக்கிறது, ஆகவே நம் உருண்டை சட்டப்படி ‘புரதம் நிறைந்த’ பண்டம். ஆனால் யார் ஒரே மூச்சில் ஐந்து உருண்டை தின்கிறார்கள்? ஒன்றோ இரண்டோ எடுக்கிறவருக்குக் கிடைப்பது மூன்று, ஐந்து கிராம். உறையில் இருப்பது பொய்யில்லை. வாயில் போவதைப் பற்றிய உண்மையும் அதில் இல்லை.

எண்ணிக்கையில் தோற்கும் இந்தக் கலவை, சேர்மானத்தில் தோற்கவில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தினைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பொட்டுக்கடலையில் அது தாராளம். ஆனால் அதில் மெத்தியோனின் குறைவு. எள்ளில் மெத்தியோனின் நிறைய. மூன்றும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. வே பொடி இல்லாமல் ஒரு சைவ உணவில் இப்படி அமைவது நல்ல அமைப்பு.

இனிப் பழமணம். பழத்தைப் போட்டால் ஈரம் வரும். ஈரம் வந்தால் இரண்டாம் நாளே புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் கடைச் சரக்கில் பழத்துக்குப் பதில் எசென்ஸ் இருக்கிறது. ஸ்ட்ராபெரி சீஸ்கேக் என்று உறையில் எழுதியிருப்பதில் ஸ்ட்ராபெரியும் இல்லை, சீஸும் இல்லை என்பது பல வேளைகளில் சேர்மானப் பட்டியலை வாசித்தாலே தெரியும். உறையவைத்து உலர்த்திய பழப்பொடி நல்ல மாற்றுதான். விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. பழனியில் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறார்கள். ஈரப்பசை குறைந்த விருப்பாச்சி வாழைப்பழத்தை எடுத்து, தண்ணீரே தொடாமல், நாட்டுச் சர்க்கரையும் தேனும் நெய்யும் பேரீச்சையும் கற்கண்டும் சேர்க்கிறார்கள். அடுப்பில் ஏற்றாத அந்தப் பஞ்சாமிர்தம் கெடாமல் இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அதைக் கெடாமல் காப்பது சர்க்கரைதான். ஸ்பூனால் வழித்துத் தின்னும் பிரசாதத்துக்கு அது பொருந்தும். புரத உருண்டைக்கு அந்த வழி உதவாது.

திருத்தணிக்கு இன்னொரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ம.பொ. சிவஞானத்தின் எல்லைப் போராட்டத்தின் பயனாகச் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. கிளிமூக்கு மாம்பழம் மலைமலையாக விளைந்து கூழ் ஆலைகளுக்குப் போகும் சீமை அது. தெலுங்கு வீடுகளில் மாமிடி தாண்ட்ரா என்று ஒரு பண்டம் செய்வார்கள். மாம்பழக் கூழைப் பாயில் மெல்லப் பூசி வெயிலில் காயவைத்து, காய்ந்ததன்மேல் மறுபடி பூசி, அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். கடைசியில் தோல்போல வளையும் ஒரு பலகை கிடைக்கும். கத்தியால் வெட்டினால் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும், பற்களில் லேசாக ஒட்டும். ஈரம் மிகக் குறைவு, மணமோ முழு மாம்பழம். இதைக் கடுகளவு பொடியாக நறுக்கி மாவில் பிசிறினால் ஒவ்வொரு கடியிலும் பழம் தட்டுப்படும். எசென்ஸ் பாட்டிலுக்கு வேலையில்லை. தாண்ட்ராவிலும் சர்க்கரை உண்டு என்பதால் அளவு முக்கியம். மணத்துக்காகச் சேர்க்க வேண்டும். பிடிமானத்துக்காகச் சேர்க்கக் கூடாது.

அப்படியானால் எதைக் கொண்டு பிடிப்பது? எள் இடிக்கும் உரல் இதற்கு விடை சொல்கிறது. வறுத்த எள்ளை உரலில் போட்டு இடிக்கும்போது முதலில் தூளாகத்தான் பறக்கும். நிறுத்தாமல் இடித்தால் நிறம் கறுத்து, விளிம்பில் மினுமினுப்பு ஏறும். எண்ணெய் கசிந்து தூள் தானாகவே கட்டிக்கொள்ளும். அப்போது ஒரு துண்டு வெல்லம் போதும், உருண்டை நிற்கும். நிலக்கடலையும் இப்படித்தான், மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் இளகிவிடும். இனிப்பு செய்யும் வேலையைக் கொட்டையின் எண்ணெயிடம் கொடுத்துவிட்டால் கணக்கு மாறுகிறது. பொட்டுக்கடலை மாவு 150 கிராம், இளகிய நிலக்கடலை 120, எள் 30, தினைமாவு 40, பேரீச்சையும் தாண்ட்ராவும் சேர்ந்து 60. அதே 400 கிராமில் இப்போது 75 கிராம் புரதம். ஓர் உருண்டைக்கு 3.8 கிராம். கொஞ்சம் உதிரும், அழுத்திப் பிடிக்க வேண்டும். நினைத்த அளவு தித்திப்பும் இராது. கலோரியும் 85-ஐத் தொடும், கொழுப்பு கூடுவதால். முட்டையையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலையோ இது வெல்லாது. ஆனாலும் தன் பெயருக்கு நெருக்கமாக வந்திருக்கிறது.

வே பொடியைச் சேர்த்தால் எண்ணிக்கை சட்டென்று ஏறும். 30 கிராம் கரண்டியில் 22 முதல் 25 கிராம் புரதம் இருக்கிறது. நோயிலிருந்து தேறுகிறவர்களும் சாப்பாடே இறங்காத முதியவர்களும் மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப்பொடி தின்பதைத் தவிர்க்க வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. சமையலிலும் வே பொடி சொன்னபடி கேட்பதில்லை. பொடி ஈரத்தை இழுத்துக்கொள்வதால் நாலு நாளில் உருண்டை கல்லாகிவிடும். அதைச் சரிக்கட்ட மறுபடி தேன் ஊற்றுவார்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்வோம்.

இனிப்பு கூடிய முதல் கலவைக்கும் இடம் உண்டு, அது திருத்தணியின் மலைப்படிதான். ஆடிக் கிருத்திகையன்று பட்டினியோடு காவடி எடுத்து 365 படி ஏறுகிறவருக்கு உடனே எரியும் சர்க்கரை வேண்டும். பேரீச்சையும் தினையும் சேர்ந்த ஓர் உருண்டை அப்போது சரியான உணவு. ஒன்றே போதும். படிக்கு அரையடி உயரம் என்று கொண்டால், 60 கிலோ எடையுள்ளவர் அத்தனை படியும் ஏறச் செலவிடுவது 30 முதல் 40 கலோரிதான். ஏறி இறங்கிய களைப்பில் நாலைந்து தின்றால் ஏறியதைப்போலப் பல மடங்கு உள்ளே போய்விடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கடலை போட்டதைக் கொடுக்கக் கூடாது, புரையேறும். சர்க்கரை நோயாளிகள் பேரீச்சையை ‘இயற்கை இனிப்பு’ என்று நம்பி எண்ணாமல் தின்னக் கூடாது.

சிறுதானிய ஆண்டான 2023-க்குப் பிறகு சுய உதவிக் குழுப் பெண்கள் பலர் இப்படிப்பட்ட உருண்டைகளைச் செய்து விற்கிறார்கள். அவர்கள் உறையில் 100 கிராம் கணக்கோடு, ஓர் உருண்டையில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்ற இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் போடட்டும். எந்தத் தேதியில் வறுத்தது என்பதையும் சேர்த்துப் போட்டால், சித்திரை வெயிலில் கடலை எண்ணெய் காறிப்போன சரக்கை வாங்காமல் தப்பிக்கலாம்.