அணிலுக்கும் மரநாய்க்கும் ஒரு பங்கு

கொழும்பு கிராண்ட்பாஸில் குருவிக்குத் தீனி வைக்கிற எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: அணில் வந்தால் விரட்டாதீர்கள்! நாங்களும் புலுனிக்கும் மைனாவுக்கும் என்றுதான் பல்கனியில் சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் குரக்கனும் நொய்யரிசியும் போடத் தொடங்கினோம். இப்போது வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லோரும் காத்திருப்பது அணிலுக்காகத்தான்.

இந்த நெருக்கத்தில் மரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அணிலுக்குக் கேபிள் வயர் போதுமே! கீழே லொறிகள் உறுமிக்கொண்டு போக, மேலே தகரக் கூரைக்கும் மாடிக்கும் இடையில் அது ஓடிவரும் அழகு! கயிற்றில் தலைகீழாக இறங்கி, பின்னங்கால் நகங்களால் தொங்கியபடியே, முன்னங்கைகள் இரண்டாலும் அரிசியைப் பிடித்துக் கொறிக்கும். பின்பாதம் கணுக்காலோடு அப்படியே பின்பக்கம் திரும்பிக்கொள்வதால்தான் இந்த வித்தை முடிகிறது. பூனையைக் கண்டுவிட்டால் வாலை உதறி உதறி விடாமல் கத்தும், குருவிகளும் உசாராகிவிடும். இங்கிலாந்தில் அணில் நுழையாதபடி கம்பிக்கூடு போட்ட தீனிப் பாத்திரம் கடைகளில் விற்கிறார்களாம். எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

இரவுக்காரர் மரநாய். மிச்சப் பப்பாசியை உள்ளே எடுக்காமல் விட்டால் மதிலோரமாக வந்துவிடுவார். கறுத்த முகம், நீண்ட வால், மதிலில் வரும்போது ஒரு சத்தம் கிடையாது. ஆனால் கொழும்பில் எத்தனையோ வீடுகளில் சீலிங்குக்கு மேலே இரவில் உருட்டுவது இவர்தான். பழத்தை விழுங்கி, விதையைச் சிதைக்காமல் வேறோர் இடத்தில் கழித்துவிடுவார்; கித்துள் மரம் ஊரெல்லாம் பரவுவதில் இவருக்குப் பெரிய பங்குண்டு. இந்தோனேசியாவில் இவருடைய இனம் தின்று கழித்த கோப்பிக்கொட்டையைப் பொறுக்கி, கழுவி, வறுத்து, கொள்ளை விலைக்கு விற்கிறார்கள்!

களனி ஆறும் கால்வாய்களும் சதுப்புகளும் இன்னும் மிஞ்சியிருப்பதால் 2018இல் கொழும்புக்கு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அணிலும் மரநாயும் மட்டுமல்ல, மீன்பிடிப் பூனைகூட இந்த நகரத்தில் வாழ்கிறது. வீட்டுத் தொட்டி மீனைத் தூக்கிக்கொண்டு போகிறது. இப்படி ஓர் ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

உப்புப் போட்ட சோறு வைக்காதீர்கள். சிரட்டையை அன்றாடம் கழுவுங்கள், பக்கத்தில் தண்ணீரும் இருக்கட்டும். பப்பாசி வெட்டும்போது ஒரு கீற்றுக் கூடவே வெட்டி, இருட்டியதும் மதிலில் வைத்துவிடுங்கள்.